ரனியேரியை லெஸ்டர் சிட்டி நீக்கியது சரியா? ரசிகர்களிடையே ஓயாத கேள்விகளும் பதில்களும்

லெஸ்டர் சிட்டி கால்பந்துக் கிளப்பை 2016இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் சாம்பியனாக்கிய கிளாடியோ ரனியேரியை, பட்டம் வென்று பத்து மாதங்கள் நிறைவதற்குள், 2017 பிப்ரவரி 23 அன்று அந்தக் கிளப் மேலாளர் பொறுப்பிலிருந்து நீக்கியது. அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்றும் முடியவில்லை. லெஸ்டர் ரசிகர்கள் இருவர் சேர்ந்தால் ஒருவர் நன்றியைப் பற்றிப் பேசுவார், மற்றவர் புள்ளிப்பட்டியலைக் காட்டுவார். அந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, நடந்தவற்றை நடந்தபடி சொல்லி, என் தீர்ப்பையும் மறைக்காமல் கீழே பதிலளித்திருக்கிறேன்.

நீக்கப்பட்ட நாளில் லெஸ்டரின் நிலை என்ன?

நிலை மோசமாகவே இருந்தது. 25 ஆட்டங்களில் 21 புள்ளிகளுடன் அணி 17ஆம் இடத்தில், கடைசி மூன்று அணிகளைக் கீழ்ப்பிரிவுக்கு அனுப்பும் தரமிறக்க எல்லையை விட ஒரே ஒரு புள்ளி மேலே நின்றது. 2017ஆம் ஆண்டு பிறந்த பிறகு ஆடிய ஆறு லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை; அவற்றுள் கடைசி ஐந்திலும் தோல்வி. அந்தப் பருவம் முழுவதிலும் வெளியூர் மைதானங்களில் ஒரு லீக் வெற்றிகூட இல்லை. எஃப்.ஏ. கோப்பையில், பத்து பேராகக் குறைந்துவிட்ட மில்வால் அணியிடம் 0-1 என்று தோற்று வெளியேறியிருந்தது. இவற்றையெல்லாம் மறந்துவிட்டு, நன்றாகப் போய்க்கொண்டிருந்த மேலாளரைத் தூக்கியெறிந்தார்கள் என்று பேசுவது உண்மைக்குப் புறம்பானது.

ஆனால் அதே வேளையில், ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீகில் தன் பிரிவில் முதலிடம் பெற்று இறுதிப் பதினாறு அணிகளுள் ஒன்றாகவும் லெஸ்டர் இருந்தது. நீக்கத்துக்கு முந்தைய இரவு செவியாவில் 1-2 என்று தோற்றாலும், முன்கள வீரர் ஜேமி வார்டி அடித்த வெளியூர் கோல் காரணமாக (இரு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கு சமமானால் வெளியூரில் அதிகக் கோல் அடித்த அணி முன்னேறும் என்பது அன்றைய விதி) இரண்டாம் ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பு உயிரோடு இருந்தது.

பட்டம் வென்ற பெருமை உண்மையில் ரனியேரிக்கு உரியதா, அவருக்கு முன்பிருந்த நைஜல் பியர்சனுக்கு உரியதா?

நீக்கத்தை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். எனவே இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். பியர்சனின் பங்கை மறுக்க முடியாது. 2014-15 பருவத்தில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைசி இடத்தில் கிடந்த அணியை, இறுதி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வெல்லச் செய்து 14ஆம் இடத்துக்கு உயர்த்தியவர் அவர். வார்டி, ரியாத் மஹ்ரெஸ், வெஸ் மார்கன், காஸ்பர் ஷ்மைக்கேல், டேனி டிரிங்க்வாட்டர் ஆகியோர் ரனியேரி வருவதற்கு முன்பே அங்கு இருந்தவர்கள். உதவி மேலாளர்களான கிரெய்க் ஷேக்ஸ்பியரும் ஸ்டீவ் வால்ஷும்கூட அப்படித்தான்.

2015 ஜூலையில் ரனியேரி நியமிக்கப்பட்டபோது வரவேற்றவர்கள் மிகச் சிலரே. அதற்கு முன் அவர் பயிற்றுவித்த கிரேக்க தேசிய அணி, ஃபேரோ தீவுகளிடம் சொந்த மண்ணில் தோற்றதால் அவர் பதவி இழந்திருந்தார். லெஸ்டரில் பிறந்து அந்தக் கிளப்புக்கு ஆடிய கேரி லினேக்கரே அந்த நியமனத்தைப் பார்த்து வெளிப்படையாக வியந்தார். அணிகளை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருப்பவர் என்று செல்சியில் அவருக்கு ஒட்டிய பெயர் வேறு இருந்தது. அப்படிப்பட்டவர் லெஸ்டருக்கு வந்ததும், அணி ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருந்ததைக் கலைக்காமல் விட்டார். பழைய உதவியாளர்களைத் தக்கவைத்துக்கொண்டார். இதைச் சிலர் 'ஒன்றும் செய்யவில்லை' என்று கணக்கெழுதுகிறார்கள். புதிதாக வரும் மேலாளருக்கு இதைவிடக் கடினமான செயல் அரிது என்பேன்.

அவர் செய்தவையும் கண்முன் இருக்கின்றன. 2015 செப்டம்பரில் ஆர்சனலிடம் 2-5 என்று தோற்ற பிறகு, பக்கவாட்டுத் தற்காப்பாளர்கள் இருவரையும் மாற்றி டேனி சிம்சனையும் கிறிஸ்டியன் ஃபுக்ஸையும் நிலைநிறுத்தினார். அதுவரை கோல்களை அடித்துவிட்டு வாங்கியும்கொண்டிருந்த அணி, மெல்ல மெல்ல இறுகியது. கோல் வாங்காமல் ஒரு ஆட்டத்தை முடித்தால் பீட்சா வாங்கித் தருவதாக வீரர்களுக்கு வாக்களித்ததும் அக்காலத்தில்தான். அடுத்த மார்ச்-ஏப்ரலில் வாட்ஃபர்ட், நியூகாசில், கிரிஸ்டல் பேலஸ், சவுத்தாம்ப்டன் என நான்கு அணிகளை அடுத்தடுத்து 1-0 என்ற ஒரே கணக்கில் வென்றார்கள். அப்படி வெல்வது பியர்சனின் லெஸ்டருக்குத் தெரியாத கலை. பட்டத்தைப் பற்றி யார் கேட்டாலும் தரமிறங்காமல் தப்பப் போதும் எனக் கருதப்படும் நாற்பது புள்ளிகளே இலக்கு என்று சொல்லிச் சொல்லி, வீரர்களின் தோளில் பாரம் ஏறாமல் அவர் பார்த்துக்கொண்டதையும் இதில் சேர்க்க வேண்டும். 38 ஆட்டங்களில் மூன்றே தோல்விகள், 81 புள்ளிகள், இரண்டாம் இடத்து ஆர்சனலை விட 10 புள்ளிகள் அதிகம். பருவத் தொடக்கத்தில் பந்தயக்காரர்கள் 5000-க்கு 1 என்று மதிப்பிட்ட அணி அது. அடித்தளம் பியர்சனுடையது என்பதை ஏற்கிறேன், பட்டம் ரனியேரியுடையது.

பிறகு ஏன் ஒரே ஆண்டில் இவ்வளவு சரிவு?

முதல் காரணம் நடுக்கள வீரர் எங்கோலோ காண்டேயின் இழப்பு. பட்டம் வென்ற பருவத்தில் எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பதிலும் இடைமறிப்பதிலும் அவர் மற்றெவரையும் விட முன்னால் நின்றார். நடுக்களத்தின் மையத்தில் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு 4-4-2 அமைப்பில் (நான்கு தற்காப்பாளர்கள், நான்கு நடுக்கள வீரர்கள், இரண்டு முன்கள வீரர்கள்) ஆடிய லெஸ்டரின் முறையே, இருவர் செய்யும் வேலையை அவர் ஒருவராகச் செய்ததால் நடந்த முறை. சுமார் 3.2 கோடி பவுண்டுக்கு அவரை வாங்கிய செல்சி, அடுத்த பருவத்திலேயே பட்டம் வென்றது. அவருடைய இடத்துக்கு வாங்கப்பட்ட நம்பாலிஸ் மெண்டி தொடக்கத்திலேயே கணுக்காலில் காயமடைந்தார். வில்ஃபிரட் என்டிடி என்ற பொருத்தமான வீரர் வந்து சேர்ந்தது 2017 ஜனவரியில்தான். அதற்குள் பாதிப் பருவம் கழிந்துவிட்டது.

இரண்டாவது காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. காண்டேயையும் மஹ்ரெஸையும் பிரான்ஸில் கண்டெடுத்த ஆள்தேர்வுத் தலைவர் ஸ்டீவ் வால்ஷ், 2016 கோடையில் எவர்ட்டனுக்குப் போய்விட்டார். அவர் போன அதே கோடையில்தான் கிளப் தன் வரலாற்றிலேயே மிக அதிகமான பணத்தை வீரர்களுக்காகச் செலவிட்டது. கிளப்பின் அன்றைய சாதனை விலைக்கு வாங்கிய இஸ்லாம் ஸ்லிமானியும், அஹ்மத் மூசாவும் திறமையற்றவர்கள் அல்லர். ஆனால் லெஸ்டரின் ஆட்டமுறைக்குள் அவர்கள் இருவரும் கடைசிவரை முழுமையாகப் பொருந்தவில்லை.

ரனியேரியின் தவறுகள் இதற்குப் பிறகே வருகின்றன, அவை சிறியவையும் அல்ல. வெற்றி ஆண்டில் லீகிலேயே மிகக் குறைவாக மாற்றங்கள் கண்ட தன் முதல் பதினொருவரை, அடுத்த ஆண்டில் அவர் அடிக்கடி கலைத்தார். நடுக்களத்தை வைர வடிவில் அமைத்துப் பார்த்தார், மூன்று தற்காப்பாளர்களை வைத்துப் பார்த்தார், முன்கள இணைகளை மாற்றிப் பார்த்தார். ஆட்டத்துக்கு ஆட்டம் என்ன செய்யப்போகிறோம் என்ற உறுதி அணியிலிருந்து விலகியது. வார்டி ஓடிப் புகுவதற்கு எதிரணிகள் தங்கள் தற்காப்புக்குப் பின்னால் இடமே விடாமல் ஆழமாக இறங்கி நின்றபோது, அதற்கு அவரிடம் விடை இருக்கவில்லை. லெஸ்டர் வாங்கிய கோல்கள் 36-லிருந்து 63-க்கு ஏறியதில் மேலாளரின் பங்கும் உண்டு.

வீரர்கள்தான் அவரைக் கவிழ்த்தார்களா?

செவியா ஆட்டத்துக்குப் பின் மூத்த வீரர்கள் சிலர் உரிமையாளரிடம் முறையிட்டார்கள் என்று அன்றைய செய்தித்தாள்கள் எழுதின. வீரர்கள் அதை மறுத்தார்கள். அந்தச் செய்திகளால் தனக்கும் தன் குடும்பத்துக்கும் கொலைமிரட்டல்கள் வந்ததாக வார்டி பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். எனவே ஒரு வீரரின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டுவதை ரசிகர்கள் நிறுத்த வேண்டும். அறைக்குள் நடந்ததாகச் சொல்லப்படுவதைத் தேடாமல், மைதானத்தில் எல்லோரும் பார்த்ததை மட்டும் வைத்தே பேசலாம்; அதுவே போதுமான அளவுக்குக் கசப்பானது. அதைக் கீழே ஷேக்ஸ்பியரைப் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

கிளப் நிர்வாகம் சொன்ன காரணம் என்ன? அதில் நியாயம் உண்டா?

பிப்ரவரி 7 அன்று, மேலாளருக்குத் தங்கள் ஆதரவு அசையாதது என்று நிர்வாகம் அறிக்கை விட்டது. பதினாறு நாட்களில் அவரை நீக்கியது. சென்ற ஆண்டின் சாதனை திரும்ப நிகழும் என்று தாங்கள் எதிர்பார்க்கவில்லை என்றும், பிரீமியர் லீகில் நீடிப்பது ஒன்றே இலக்காக இருந்தது என்றும், தனிப்பட்ட பாசத்தை விடக் கிளப்பின் நீண்டகால நலனை மேலே வைக்க வேண்டிய கடமை தங்களுக்கு உண்டென்றும் விளக்கம் தந்தது. கிளப் வரலாற்றிலேயே மிக வெற்றிகரமான மேலாளர் ரனியேரிதான் என்பதையும் அதே அறிக்கை ஒப்புக்கொண்டது.

இதில் நியாயம் உண்டு. 2016-17இல் தொடங்கிய மூன்றாண்டு தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் மதிப்பு 500 கோடி பவுண்டுக்கும் மேல். அதனால் அந்தப் பருவத்தில் கடைசி இடம் பெற்ற அணிக்கே 9 கோடி பவுண்டுக்கு மேல் கிடைத்தது. கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் அதில் பெரும்பகுதி போய்விடும். பெரிய சம்பள ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருந்த ஒரு நடுத்தர நகரக் கிளப்புக்கு அந்த அச்சம் பொய்யான அச்சம் அல்ல. வேலை இழக்கப்போவது வீரர்கள் மட்டுமல்லர். அலுவலகத்திலும் மைதானத்திலும் பணியாற்றுபவர்களும்தான். நன்றியைப் பற்றிப் பேசும் நாம் இதை எளிதாகக் கடந்துபோய்விடுகிறோம்.

ஷேக்ஸ்பியர் வந்ததும் அணி வென்றதே, அது நீக்கம் சரி என்று நிரூபிக்கவில்லையா?

விவாதத்தின் இதயம் இந்தக் கேள்விதான். ரனியேரி போன நான்காம் நாளில், அவர் இடத்தில் பொறுப்பேற்ற உதவி மேலாளர் ஷேக்ஸ்பியரின் கீழ் லிவர்பூலை லெஸ்டர் 3-1 என்று வீழ்த்தியது. தொடர்ந்து ஹல், வெஸ்ட் ஹாம், ஸ்டோக், சண்டர்லண்ட் என, லிவர்பூலையும் சேர்த்துத் தொடர்ச்சியாக ஐந்து லீக் வெற்றிகள். மார்ச் 14 அன்று செவியாவை 2-0 என்று வென்று சாம்பியன்ஸ் லீக் கால் இறுதிக்குப் போய், அங்கே அத்லெடிகோ மாட்ரிட்டிடம் இரு ஆட்டங்களையும் சேர்த்து 1-2 என்று வெளியேறியது. பருவத்தை 44 புள்ளிகளுடன் 12ஆம் இடத்தில் முடித்தது. இந்தக் கணக்கைக் காட்டி, வேறென்ன சான்று வேண்டும் என்று கேட்கிறார்கள்.

அந்த லிவர்பூல் ஆட்டத்தின் அணிப்பட்டியலை எடுத்துப் பாருங்கள். பட்டம் வென்ற பதினொருவரில் பத்துப் பேரும், காண்டேயின் இடத்தில் என்டிடியும் ஆடினார்கள். சரி, ஷேக்ஸ்பியர் பழைய வழிக்குத் திரும்பினார், அதனால் வென்றார் என்று சொல்லலாம். ஆனால் ஐந்து நாட்களுக்கு முன் செவியாவில் ரனியேரி இறக்கிய அணியையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முன்கள வீரர் ஷின்ஜி ஓகசாகிக்குப் பதில் மூசா ஆடினார் என்பதைத் தவிர, அதே பெயர்கள். ரனியேரி தன் பரிசோதனைகளைக் கைவிட்டுப் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிட்டார். அந்த இரவின் பிற்பகுதியில் அணி மூச்சு விடவும் தொடங்கியிருந்தது. அதாவது, நோய்க்கு மருந்து கொடுக்கப்பட்ட மறுநாள் வைத்தியரை மாற்றினார்கள்.

எனவே ஆட்டமுறை மாறியதால் மட்டும் லிவர்பூல் வெற்றி வந்துவிடவில்லை. அன்று அதே வீரர்கள் ஓடிய ஓட்டமும், பந்துக்காகப் பாய்ந்த வேகமும், அதற்கு முந்தைய வாரங்களில் காணக் கிடைக்காதவை. அரங்கில் இருந்தவர்கள் ரனியேரியின் பெயரைச் சொல்லிப் பாடிக்கொண்டிருந்தபோதே, அவருக்காக ஓடாத கால்கள் அவர் போன பிறகு ஓடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைச் சதி என்று நான் சொல்லவில்லை. நம்பிக்கை இழந்த வீரன் வேண்டுமென்றே மெதுவாக ஓடுவதில்லை. தன்னையறியாமல் அரை நொடி தாமதிக்கிறான், அவ்வளவுதான். ஆனால் அந்த அரை நொடிக்கான பொறுப்பு வீரர்களுக்கும் உண்டு. அதை முழுவதும் ஒரு மேலாளரின் தலையில் ஏற்றி வெளியே அனுப்பியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மாற்றம் பலன் தந்தது உண்மை. மாற்றாமல் இருந்திருந்தால் தரமிறங்கியிருப்பார்கள் என்பது அதிலிருந்து தானாகப் பெறப்படும் முடிவல்ல.

வேறு சாம்பியன் அணிகள் இப்படி விழுந்ததுண்டா?

உண்டு. 1937இல் பட்டம் வென்ற மான்செஸ்டர் சிட்டி, அடுத்த பருவத்திலேயே தரமிறங்கியது; இங்கிலாந்தின் முதல் பிரிவில் அந்தக் கதி நேர்ந்த ஒரே நடப்புச் சாம்பியன் அதுதான். செல்சி 2015இல் பட்டம் வென்றுவிட்டு, அதே ஆண்டு டிசம்பரில் ஜோசே மொரீனியோவை நீக்கியது. அந்த முடிவுக்கு முந்தைய கடைசித் தோல்வி லெஸ்டரிடம் வாங்கியது.

என்னைப் பொறுத்தவரை, பொருத்தமான ஒப்பீடு லீட்ஸ் யுனைடெட். 1992இல் ஹாவர்ட் வில்கின்சன் தலைமையில் சாம்பியனான அந்த அணி, 1992-93 பருவம் முழுவதும் வெளியூரில் ஒரு லீக் ஆட்டம்கூட வெல்லாமல் 17ஆம் இடத்தில் முடித்தது. நிர்வாகம் வில்கின்சனை நீக்கவில்லை. அடுத்த பருவத்தில் லீட்ஸ் ஐந்தாம் இடம் பிடித்தது. அன்றைய லீகில் பணத்தின் அளவு வேறு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பொறுத்திருந்தால் பேரழிவுதான் என்று சொல்பவர்களுக்கு, பொறுத்திருந்து பிழைத்த ஒரு சாம்பியனும் உண்டு என்று காட்டவாவது இந்த வரலாறு உதவும்.

அப்படியானால் ஒரு பட்டம் வென்ற மேலாளருக்கு எவ்வளவு காலம் அவகாசம் தரலாம்?

எல்லாக் கிளப்புக்கும் ஒரே அளவு இல்லை. ஆண்டுதோறும் பட்டத்துக்குப் போட்டியிடும் கிளப்பில் பட்டம் என்பது மேலாளரின் வேலையின் ஒரு பகுதி. 1884இல் தொடங்கி 132 ஆண்டுகளில் ஒருமுறைகூட முதல் பிரிவை வெல்லாத லெஸ்டரில் அப்படியல்ல. அந்தப் பட்டத்துக்காகத் தாத்தாக்கள் காத்திருந்தார்கள், தந்தைகள் காத்திருந்தார்கள். பலர் காணாமலே போனார்கள். அதைக் கொண்டுவந்த மனிதருக்கு அந்தப் பருவத்தின் எஞ்சிய 13 ஆட்டங்களைக் கொடுத்திருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. குறைந்தபட்சம் செவியாவுடனான இரண்டாம் ஆட்டம்வரை. அணி தரமிறங்கியே இருந்தாலும், பெரும்பான்மை ரசிகர்கள் அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இருந்திருப்பார்கள் என்று நம்புகிறேன். எதிர்த்தரப்பு நண்பர்கள் இதை உணர்ச்சி என்பார்கள். கால்பந்துக் கிளப்பின்மேல் ஒருவர் வைக்கும் பற்றிலிருந்து உணர்ச்சியைக் கழித்துவிட்டால் கணக்கில் மிச்சம் எதுவும் இராது.

நீக்கிய விதத்தில் என்ன குறை?

'அசையாத ஆதரவு' என்று எழுதிக் கொடுத்திருக்கக் கூடாது. எழுதிய பிறகு, செவியா ஆட்டத்துக்கு மறுநாளே நீக்கியிருக்கவும் கூடாது. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்புதான், ஜனவரி 9 அன்று, உலகின் சிறந்த பயிற்சியாளருக்கான ஃபிஃபா விருதை ரனியேரி பெற்றிருந்தார். தன் கனவு இறந்துவிட்டது என்று அவர் அறிக்கை வெளியிட்டார். லெஸ்டரிலேயே என்றென்றும் இருக்க வேண்டும் என்பதே பட்டத்துக்குப் பின் தன் ஆசையாக இருந்தது என்றும் அதில் எழுதினார். யாரையும் குறைசொல்லவில்லை.

உரிமையாளர் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபாவை இதற்காக வெறுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை, பெரும்பாலான ரசிகர்கள் வெறுக்கவும் இல்லை. கிளப்பின் கடனை அடைத்தவர், குழந்தைகள் மருத்துவமனைக்கு வாரி வழங்கியவர், ரனியேரியை நியமிக்கத் துணிந்தவரும் அவரே. 2018 அக்டோபர் 27 அன்று மைதானத்திலிருந்து புறப்பட்ட அவருடைய ஹெலிகாப்டர் விழுந்து அவர் இறந்தபோது, வாயிலில் குவிந்த மலர்களும் சால்வைகளும் அந்த நகரம் அவரை எப்படிப் பார்த்தது என்பதைச் சொல்லின. ஒரு நல்ல மனிதர் ஒரு தவறான முடிவை எடுத்தார் என்று சொல்வதில் முரண்பாடு ஏதுமில்லை.

ஷேக்ஸ்பியர்மேல் பழி உண்டா?

இல்லை. கிளப் கேட்டுக்கொண்டபடி பொறுப்பேற்று, கேட்டதை விட அதிகமாகவே செய்தார். 2017 ஜூனில் அவருக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் தந்த நிர்வாகம், நான்கே மாதங்களில் அக்டோபரில் அவரையும் நீக்கியது. அவரை ரனியேரியின் முதுகில் குத்தியவராகச் சித்திரிப்பவர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். 2024 ஆகஸ்டில் அவர் காலமானபோது, பட்டம் வென்ற அணியினர் பலர் அவரைத் தங்கள் ஆசானாகவே நினைவுகூர்ந்தார்கள்.

பின்னால் வந்த ஆண்டுகள் யாருடைய வாதத்துக்கு வலு சேர்க்கின்றன?

இரு தரப்புமே அவற்றைத் தங்களுக்குச் சாதகமாகப் படிக்கலாம். லீகில் நீடித்ததால்தான் பிரெண்டன் ராட்ஜர்ஸ் மேலாளராக இருந்த காலத்தில் இருமுறை ஐந்தாம் இடமும், 2021இல் செல்சியை 1-0 என்று வீழ்த்திக் கிளப்பின் முதல் எஃப்.ஏ. கோப்பையும் கிடைத்தன என்பது நீக்கத்தை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம். அதற்கு என்னிடம் முழுமையான மறுப்பு இல்லை. மறுபக்கம், எந்தத் தரமிறக்கத்துக்கு அஞ்சி ரனியேரியை அனுப்பினார்களோ அது 2023இல் வந்தது. ஒரே ஆண்டில் மீண்டு வந்த கிளப், 2025இல் மறுபடியும் இறங்கியது. முதல் தரமிறக்கத்தின்போது நிர்வாகம் மேலாளரை மாற்றத் தாமதித்ததுதான் குறை என்று அதே ரசிகர்கள் கோபப்பட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சீக்கிரம் மாற்றுவதா, பொறுப்பதா என்ற கேள்விக்குப் பொதுவிதி ஏதும் கிடைக்காததால்தான் இந்த விவாதம் முடியாமல் தொடர்கிறது.

இன்று ரனியேரிக்கும் லெஸ்டர் ரசிகர்களுக்கும் உள்ள உறவு எப்படி?

அதில் மட்டும் கருத்து வேறுபாடே இல்லை. 2021 நவம்பரில் வாட்ஃபர்ட் அணியின் மேலாளராக அவர் லெஸ்டரின் கிங் பவர் மைதானத்துக்கு வந்தபோது, எதிரணி மேலாளருக்கு அரிதாகவே கிடைக்கும் வரவேற்பை அரங்கு அவருக்கு அளித்தது. அன்று லெஸ்டர் 4-2 என்று வென்றது. நீக்கம் சரி என்று வாதிடுபவர்களும் தவறு என்று வாதிடுபவர்களும் ஒன்றாக எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும் பழைய விவாதத்தைத் தொடர்ந்தார்கள்.